ஒரு கிரவுண்டு, 12 வீடு: சேர்ந்து காய்கறி போடுவது எப்படி

சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, ஏறக்குறைய ஐந்தரை சென்ட். 40க்கு 60 அடி காலி மனை ஒன்று தெருவில் சும்மா கிடந்தால் 12 வீடுகள் சேர்ந்து அதில் வருடம் முழுக்கக் காய்கறி போடலாம். இப்படித் தொடங்கும் தோட்டங்களில் பல, முதல் பட்டம் (சாகுபடிப் பருவம்) முடிவதற்குள் புதர் மண்டிப் போகின்றன. பூச்சியால் போவதைவிட, யார் தண்ணீர் விடுவது, யார் பறிப்பது என்று பேசி வைக்காததால் போவதுதான் அதிகம். ஆகவே விதைக் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

இடமும் அனுமதியும்

மனை யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் மனை என்றால் உரிமையாளரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: காய்கறி போட மட்டும் அனுமதி, நிலத்தின் மேல் நமக்கு எந்த உரிமையும் இல்லை, காலி செய்யச் சொன்னால் 3 மாத அவகாசம். 3 மாதம் ஏன் என்றால் பாத்தியில் நிற்கும் வெண்டை காய்த்து முடிய அவ்வளவு நாள் ஆகும். மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடமாக இருந்தால் அது உள்ளாட்சி அமைப்பின் கையில் இருக்கும். அங்கே மனு கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள்.

இடம் பார்க்கும்போது வெயிலைப் பாருங்கள். காய் காய்க்கும் செடிகளுக்கு 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். பக்கத்து மாடிக் கட்டடம் தெற்கே இருந்தால் மார்கழியில் பாதி மனை நிழலில் கிடக்கும். சித்திரையில் போய்ப் பார்த்துவிட்டு நல்ல வெயில் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, இரும்புக் கழிவு கொட்டிய மனை என்றால் விட்டுவிடுங்கள். ஈயம் கலந்த மண்ணில் கீரை போட்டால் அது தட்டுக்கு வரும். வெறும் கட்டட இடிபாடு என்றால் சமாளிக்கலாம். செங்கல், ஜல்லி, சிமென்ட் கட்டிகளைக் கடப்பாரையால் ஒரு அடி ஆழம் வரை கிளறி எடுத்து, நடைபாதையில் போட்டு இறுக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் காலில் சேறு ஒட்டாமல் நடக்க அது உதவும்.

மண்

மண் பரிசோதனைக்கு 10 இடத்தில் மேல்குப்பையை ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ வடிவத்தில் அரை அடி ஆழம் வெட்டி, குழியின் ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து நான்கு பங்காக்கி, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். இப்படியே குறைத்து அரை கிலோ வந்ததும் நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். கார அமிலத் தன்மை (pH) 6.5 முதல் 7.5 வரை இருந்தால் கவலை இல்லை. இடிபாட்டுச் சுண்ணாம்பு கலந்த மனைகளில் இது 8ஐத் தாண்டும். அங்கே இலை மஞ்சளடித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மக்கிய உரத்தை இரட்டிப்பாகப் போட்டு, பசுந்தாள் உரமும், அதாவது அதற்கென்றே வளர்த்த பச்சைச் செடியும், மண்ணில் மடக்கி விட்டால் மெல்லச் சரியாகும்.

பசுந்தாளுக்குத் தக்கைப்பூண்டு. ஒரு கிரவுண்டுக்கு ஒன்றேகால் கிலோ விதை. வைகாசி முதல் வாரத்தில் தூவித் தண்ணீர் காட்டினால் ஆனி நடுவில் பூக்கத் தொடங்கும். அப்போது மடக்கி உழுது 15 நாள் மக்க விட்டால் ஆடி பிறக்கும்போது மண் தயார். பூத்து முற்றிய பிறகு மடக்கினால் தண்டு விறகு மாதிரி ஆகி மக்காமல் கிடக்கும். அதிலிருந்து கரையான் வரும்.

மனையைப் பிரிப்பது

சுற்றிலும் 2 அடி வரப்பாக விட்டுவிடுங்கள். அங்கே மக்காச்சோளமும் துலுக்க சாமந்தியும் வரட்டும். சோளம் வெள்ளை ஈ உள்ளே வருவதைத் தடுக்கும், சாமந்தி காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியைத் தன் பக்கம் இழுக்கும். நீளவாக்கில் நடுவே 4 அடிப் பாதை. சாந்துச் சட்டியும் தள்ளுவண்டியும் போக இந்த அகலம் தேவை. பாதைக்கு இரு பக்கமும் 16 அடி நீளம், 4 அடி அகலத்தில் பக்கத்துக்கு 7 மேட்டுப்பாத்தி, இடையில் ஒன்றரை அடி நடை. மொத்தம் 14 பாத்தி. 12 வீட்டுக்கு 12, மீதி 2 நாற்றங்காலுக்கும் விதைக்கு விடும் செடிகளுக்கும்.

அகலம் 4 அடிக்கு மேல் போகவே கூடாது. இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்தால் கை நடுவரை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் ஆள் பாத்தியில் கால் வைப்பார், மண் இறுகும், வேர் இறங்காது. உயரம் சாதாரணமாக 9 அங்குலம், தண்ணீர் தேங்கும் தாழ்ந்த மனையில் ஒரு அடி. ஐப்பசி அடைமழையில் இந்த 3 அங்குலம்தான் கத்தரியைக் காப்பாற்றும்.

பாத்திகள் தெற்குப் பக்கம், பந்தல் வடக்குப் பக்கம். மாற்றிப் போட்டால் பந்தலின் நிழல் பாத்தி மேல் விழும். பந்தல் 16க்கு 24 அடி, 8 அடிக்கு ஒரு கால் என்று 12 கால். கால் 9 அடி நீளம் இருக்கட்டும், 2 அடி மண்ணுக்குள், 7 அடி வெளியே. மேலே ஜி.ஐ. கம்பி இழுத்து, ஒரு அடிக் கட்டமாக நைலான் கயிறு பின்னுங்கள். மீதி மூலையில் தண்ணீர்த் தொட்டியும் உரக்குழியும். வாழை வைக்கலாமா என்று எல்லாத் தோட்டத்திலும் ஒருவர் கேட்பார். தொட்டியின் கழிவுநீர் போகும் இடத்தில் ஒரே ஒரு குத்து வைக்கலாம். முருங்கை வேண்டாம், நிழலும் கம்பளிப்பூச்சியும்தான் மிச்சம்.

ஒவ்வொரு பாத்திக்கும் முதல் முறை 4 சாக்கு மக்கிய தொழு உரம், ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு. மக்காத பச்சைச் சாணத்தைக் கொட்டினால் வெண்புழு வந்து வேரைத் தின்னும். கையில் எடுத்தால் சூடு இல்லாமல், வாடை இல்லாமல், மண் போல உதிர வேண்டும். அதுதான் மக்கிய உரம்.

தண்ணீர்

கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஒரு பாத்திக்கு 30 லிட்டர். 14 பாத்தியும் பந்தலும் சேர்த்து நாளைக்கு சுமார் 600 லிட்டர். 1,000 லிட்டர் தொட்டி ஒன்றை 5 அடி மேடையில் ஏற்றினால் மோட்டார் இல்லாமலே சொட்டுநீர் போகும். ஒரு பாத்திக்கு 16 மில்லிமீட்டர் குழாய் இரண்டு வரிசை, ஒரு அடிக்கு ஒரு சொட்டுவான். அழுத்தம் குறைவு என்பதால் 30 லிட்டர் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு பாத்திக்கும் தனி வால்வு வைக்காமல் விட்டால் காலியாகக் கிடக்கும் பாத்திக்கும் தண்ணீர் போய்க் களை வளரும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம் இருந்தால் சொட்டுவான் வாயில் வெள்ளை படிந்து அடைக்கும். தொட்டிக்குக் கீழே வடிகட்டி கட்டாயம். வாரம் ஒரு முறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து ஓட விடுங்கள். அடுக்குமாடி வளாகத்தின் சுத்திகரித்த கழிவுநீரைப் பந்தல் கொடிகளின் தூரில் விடலாம். கீரை, முள்ளங்கி, வெங்காயம், கொத்தமல்லிக்கு அது கூடவே கூடாது.

ஆட்களும் விதிகளும்

முழுக்கப் பொதுவாக வைத்து விளைச்சலைப் பிரித்தால், உழைக்கிறவர் நாலு பேர், பையோடு வருகிறவர் 12 பேர் என்று ஆகிவிடும். முழுக்கத் தனித்தனியாக விட்டால் பக்கத்துப் பாத்தியில் புழு இருந்தாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டும் கலந்ததுதான் நிற்கும்: பாத்தி அவரவருக்கு, பந்தலும் வரப்பும் எல்லாருக்கும்.

12 வீட்டை 6 ஜோடியாக்குங்கள். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒரு ஜோடி. அவர்கள் வேலை 4: எல்லா வால்வையும் திறந்து மூடுவது, பந்தலைப் பார்ப்பது, பூச்சிப் பொறிகளைப் பார்ப்பது, நோட்டில் எழுதுவது. ஊருக்குப் போகிறவர் மாற்று ஆளைத் தாமே ஏற்பாடு செய்ய வேண்டும், ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போவது போதாது. ஞாயிறு காலை 6.30 முதல் 8.30 வரை அனைவரும். பந்தல் காயை அன்றைக்கே எடை போட்டு, அந்த வாரம் வந்தவர்களுக்குப் பங்கு. வராதவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அடுத்த வாரம் இன்னும் இருவர் வர மாட்டார்கள். உடம்புக்கு முடியாதவர், வயதானவர் என்றால் நாற்றுத் தட்டுப் பார்ப்பது, கணக்கு எழுதுவது மாதிரி வேலை கொடுத்து அதையும் முறையாகக் கணக்கில் வையுங்கள்.

எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டியவை இவை:

- மாதம் வீட்டுக்கு 200 ரூபாய், 5ஆம் தேதிக்குள். விதை, புண்ணாக்கு, குழாய் பழுது இதிலிருந்து.
- 3 வாரம் தொடர்ந்து கவனிக்காத பாத்தி காத்திருப்பவருக்குப் போகும். நிற்கும் பயிர் பழையவருக்கு, அது முடிந்ததும் பாத்தி புதியவருக்கு.
- அடுத்தவர் பாத்தியில் கறிவேப்பிலை ஒரு இணுக்குகூடக் கேட்காமல் கிள்ளக் கூடாது.
- கடையில் வாங்கிய எந்த மருந்தையும் ஞாயிறு கூட்டத்தில் சொல்லாமல் தெளிக்கக் கூடாது.
- நோய் கண்ட செடியை அன்றைய ஜோடி பிடுங்கலாம். பாத்திக்காரரின் அனுமதி தேவையில்லை.

கடைசி விதிதான் சண்டை இழுக்கும், அதையே முதலில் பேசி முடியுங்கள். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகி வலை மாதிரி தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ் நோய், மருந்து கிடையாது. வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி கொண்டு போகும். செடி இன்னும் காய்க்கிறதே என்று பாத்திக்காரர் பிடுங்க மனமில்லாமல் 10 நாள் விட்டால், பக்கத்து 3 பாத்திக்கும் பரவிவிடும்.

எந்தப் பட்டத்தில் எதை

ஆடிப்பட்டத்தில் வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை, அவரை, பந்தலில் பீர்க்கு, புடலை, பாகல். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று 35 முதல் 45 நாள் ஆகும், ஆகவே ஆனி முதல் வாரத்திலேயே விதைத்துவிட வேண்டும். 98 குழித் தட்டில் தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை. வீடு வீடாக நாற்று விடாமல் ஒரே இடத்தில் வைத்தால் ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். நாற்று தூரோடு மடிந்து விழுந்தால் தண்ணீர் அதிகம் என்று பொருள். விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் கணக்கில் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளைக் கலந்துகொண்டால் இது குறையும்.

தக்காளியை ஆடியில் அவசரப்பட்டு நட வேண்டாம். இரவு வெப்பம் இறங்காவிட்டால் பூ பூத்துக் கொட்டும், காய் பிடிக்காது. சென்னைப் பக்கம் பெருமழை ஓய்ந்ததும் கார்த்திகை நடுவில் 25 நாள் நாற்றை நட்டால், மார்கழி தைக் குளிரில் பூத்து மாசியில் பழம் வரும். இலைச்சுருட்டு வைரஸ் தொல்லை உள்ள இடத்தில் அர்கா ரக்ஷக் போன்ற தாங்கும் ரகம் நல்லது. அது வீரிய ஒட்டு என்பதால் விதை எடுத்து மறுபடி போட முடியாது. காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிந்தால் நோய் இல்லை. தண்ணீர் ஒரு நாள் அதிகம், இரண்டு நாள் இல்லை என்று விட்டதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. ஜோடி முறை வேலையைத் தட்டிக் கழித்த வாரம் எது என்று தக்காளி காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு பாத்தியில் வெண்டை 3 வரிசையில் ஒரு அடிக்கு ஒன்றாக 48 செடி, கத்தரி 2 வரிசையில் 16, தக்காளி 20. கீரைக்கு ஒரு டீஸ்பூன் விதை போதும். நாலு பங்கு மணலோடு கலந்து தூவாவிட்டால் ஓரிடத்தில் கொத்தாக விழும். எறும்பு விதையைத் தூக்கிப் போகும் இடத்தில் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் போடுங்கள். முளைக்கீரை 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் தழையும்.

12 பேரும் ஒரே ஞாயிறன்று வெண்டை ஊன்றினால் 45ஆம் நாளிலிருந்து தெருவில் எல்லா வீட்டிலும் வெண்டைக்காய்தான். 48 செடி இரண்டு நாளுக்கு ஒரு கிலோ கொடுக்கும். ஒரே 15 நாளுக்குள் 3 பாத்திக்கு மேல் ஒரே காய் வரக் கூடாது என்று பட்டத்துக்கு முன்பே பட்டியல் போட்டுவிடுங்கள். தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் அப்போதுதான் வழி.

பந்தலில் ஒன்றரை அடி சதுரம், ஒன்றரை அடி ஆழத்தில் 8 குழி. குழிக்கு 5 விதை ஊன்றி, திடமான 2 செடியை மட்டும் விடுங்கள். கொடி பந்தலைத் தொடும் வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட வேண்டும். முதலில் வருவது எல்லாம் ஆண் பூ, காய் பிடிக்கவில்லை என்று உரம் கொட்டாதீர்கள். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். தேனீ குறைவான தெருவில் ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கிப் பெண் பூவில் தொட்டுவிடலாம். பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்பவை, பூசணி விடியலில். காலை ஜோடி பீர்க்கம் பூவைத் தொட்டுப் பயனில்லை.

கத்தரிப் புழு

கூட்டுத் தோட்டத்தின் ஒழுங்கைச் சோதிக்க இதைவிட வேறு பூச்சி வேண்டாம். நட்ட 4, 5 வாரத்தில் காலையில் பாத்தி ஓரம் நின்று பாருங்கள். தண்ணீர் விட்ட பிறகும் ஒரு கிளையின் நுனி மட்டும் தலை தொங்கி நின்றால் உள்ளே தண்டுத் துளைப்பான் இருக்கிறது. தொங்கும் இடத்திலிருந்து ஒரு அங்குலம் கீழே வெட்டி, நகத்தால் பிளந்தால் இளஞ்சிவப்பில் ஒரு புழு நெளியும். வெட்டிய நுனியைப் பாதையில் போட்டுவிட்டுப் போனால் புழு வெளியே வந்து மண்ணருகே கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்பும். சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். காயில் ஓட்டையும் எச்சமும் தெரிந்தால் அந்தக் காயும் அதே வாளிக்கு. சொத்தைக் கத்தரியை உரக்குழியில் போடுவது புழுவை வளர்ப்பது.

இதை வாரம் இரு முறை, எல்லாக் கத்தரிப் பாத்தியிலும் ஒரே நாளில் செய்ய வேண்டும். இரண்டு பேர் ஒழுங்காக வெட்டி, மூன்றாமவர் விட்டுவிட்டால் மூவருக்கும் சொத்தைதான். இனக்கவர்ச்சிப் பொறி 2 வைத்தால் ஆண் அந்து விழும். எத்தனை விழுந்தது என்று நோட்டில் எழுதினால் எந்த வாரம் நுனி வெட்டுவதைத் தீவிரமாக்க வேண்டும் என்று தெரியும். பாகல், பீர்க்கில் பழ ஈக்கு அதற்கென்று உள்ள கியூலூர் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி.

அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சிக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும் வேப்பங்கொட்டைக் கரைசலும். அரை கிலோ வேப்பம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, கொஞ்சம் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்துப் பிழிந்து, மொத்தம் 10 லிட்டர் ஆக்கி 10 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்க்கவும். சோப்பு இல்லாமல் இலையில் ஒட்டாது. வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும், பூச்சி இருப்பது அங்கேதான். கரைசலை மறுநாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும். மழை நாளில் நத்தை வந்தால் ஈரச் சாக்கை இரவில் விரித்து வையுங்கள், காலையில் அடியில் ஒண்டியிருக்கும். கையுறை போட்டு எடுத்து உப்புத் தண்ணீரில் போடலாம்.

பறிப்பதும் உரக்குழியும்

வெண்டையை இரண்டு நாளுக்கு ஒரு முறை பறிக்காவிட்டால் முற்றும். முற்றிய காய் செடியில் நின்றால் புதுப் பூ குறையும். நுனியை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் விதைக்கு விட்டுவிடுங்கள். ஊருக்குப் போகிறவரின் வெண்டையை அன்றைய ஜோடி பறித்து எடுத்துக்கொள்ளலாம் என்பதை விதியாகவே வையுங்கள். அவர் திரும்பி வந்து முற்றலைப் பார்த்து வருந்துவதைவிட இது மேல்.

உரக்குழி 3 அடிக் கட்டமாக மூன்று: ஒன்று நிரப்ப, ஒன்று மக்க, ஒன்று எடுக்க. ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு. நாற்றம் வந்தால் சருகு போதவில்லை. சோறும் மீனும் விழுந்தால் பெருச்சாளி வரும், வந்தால் பாத்தி அடியில் வளை தோண்டும். வாரம் ஒரு முறை ஞாயிறன்று கிளறினால் இரண்டரை மாதத்தில் மக்கிவிடும். சருகுதான் எப்போதும் பற்றாக்குறை. தெருவில் கூட்டிய வேப்பிலை, புங்க இலையை மார்ச் மாதத்திலேயே சாக்கில் சேர்த்துவிடுங்கள்.

பங்குனியில் தக்காளி முடிந்ததும் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்தப் பாத்தியை நனைத்து, நிறமில்லாத பாலிதீன் தாளால் இறுக்கி மூடி ஓரங்களில் மண் போட்டு, சித்திரை வெயிலில் 5 வாரம் விட வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் அங்கே அடுத்த ஆடியில் அவை வேண்டாம். வெண்டையும் வேண்டாம், நூற்புழு அதையும் விடாது. துலுக்க சாமந்தியும் கீரையும் போட்டு ஒரு பட்டம் ஆற விடுங்கள். அந்த வீட்டுக்கு அதுவரை நாற்றங்கால் பாத்தியில் பாதி கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும்.